பிபிசாராவின் கட்டுவடம்

பிபிசாராவுக்குப் பொறாமை என்பது இடையில் வந்த வியாதி இல்லை, கூடப் பிறந்தது. குதிரைக்காரர் ஒஸ்பானுக்கு அவள் மூன்றாவது பெண். மூத்தவளுடைய பின்னல் இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதற்காக ஒரு கோடை முழுக்க அவளோடு பேசாமல் இருந்தாள். நடுவில் பிறந்தவளுக்குக் காய்ச்சல் வந்து அம்மா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தபோது, "எனக்கு ஏன் காய்ச்சல் வரல?" என்று கேட்டு அழுதாள். ஒஸ்பான் சிரித்துக்கொண்டே, "இவளைக் கட்டிக்கிறவன் வீட்டுல ரெண்டாவது பொம்பளையே இருக்கக் கூடாது" என்பார். ஆனால் கட்டிக்கொடுத்தது எங்கே என்றால், நாலு நாத்தனார்கள் இருந்த வீட்டில்.

சப்பார்தான் மாப்பிள்ளை. அவன் அம்மா கனிபா. அவளுக்கு மூத்தவன் சப்பார், கடைக்குட்டி எர்டென், இரண்டு பேருக்கும் நடுவே அந்த நாலு பெண்கள். பிபிசாரா மருமகளாக வந்தபோது எர்டென் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த பொடியன். அவனைக் குளிப்பாட்டி விட்டதும், அவன் கால்சட்டையைத் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். நாத்தனார்கள் ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போனார்கள். ஒவ்வொருத்தி போகும்போதும் பிபிசாரா கண்ணைத் துடைத்துக்கொள்வாள், உள்ளுக்குள் ஒரு மூச்சு விட்டுக்கொள்வாள்.

உழைப்பாளி என்றால் அப்படி ஒரு உழைப்பாளி. குதிரைப் பால் கறக்கிற கை அவளுக்கு அப்பன் வீட்டிலிருந்தே வந்தது. கனிபாவிடம் ஒரு பெரிய தோல்பை இருந்தது. முழுக் குதிரைத் தோலில் செய்தது, கனிபாவின் மாமியார் காலத்துப் பொருள், புகை ஏறி ஏறிக் கருத்துப் போனது. அந்தப் பையில் பாலை ஊற்றிக் கோலால் கிண்டிப் புளிக்க வைத்தால் வருகிற குமிஸுக்கு அந்தப் பக்கத்தில் ஈடு கிடையாது. கனிபாவுக்குக் கை தளர்ந்த பிறகு கோலைப் பிடித்துக் கிண்டியது எல்லாம் பிபிசாராதான். பாராட்டு மட்டும் கனிபாவுக்கே போயிற்று. அதுவும் அவளுக்கு எரிச்சல்தான். ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் அந்தத் தோல்பை தன் வாசலுக்கு வரும் என்று எண்ணியிருந்தாள்.

எப்படி வரும்? அப்பன் வீடும் அடுப்பும் கூடாரத்து உச்சியில் வைக்கிற கூரைவளையமும் கடைசிப் பையனுக்கு. மூத்தவன் கல்யாணம் ஆனதும் தனிக் கூடாரம் போட்டுக்கொண்டு போகிறவன். இது யாரும் எழுதி வைத்ததும் இல்லை, யாரும் மாற்றியதும் இல்லை. பிபிசாராவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எர்டென் பட்டாளத்துக்குப் போனான், பிறகு நகரத்தில் லாரி ஓட்டினான், ஊருக்கே வரமாட்டான் போல இருந்தது. அப்படி இருந்தவன் கனிபா சாவதற்கு முந்தின இலையுதிர்காலத்தில் தோர்கினைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். தெற்கிலிருந்து வந்தவள். மெலிந்த கை, சிரித்த முகம். ஒரே ஒரு பனிக்காலம் மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டாள். கோடைக் கடைசியில் கனிபா போய்ச் சேர்ந்ததும் தோல்பை அவளுக்கு, கிண்டுகோல் அவளுக்கு, கனிபா குதிரைமயிரில் தன் கையால் திரித்த கட்டுவடம் அவளுக்கு, ஆண்குதிரையைக் கட்டுகிற இரும்பு முளைகூட அவளுக்கு.

"எனக்கு என்னங்க?" என்று சப்பாரிடம் கேட்டாள் பிபிசாரா.

"உனக்கு நான் இருக்கேன்ல."

"உங்கள வச்சு எதைக் கிண்டறது?"

அடுத்த கோடையில் இரண்டு குடும்பமும் எப்போதும்போல ஓடைக்கரை மேய்ச்சலுக்குக் கூடாரங்களோடு போயின. அந்த மேய்ச்சலின் மேட்டுப் பக்கத்தில் பெரிய மின்கம்பி போகிறது. வடக்கே நிலக்கரி எரிக்கிற ஊரிலிருந்து வருகிற கம்பி. இரும்புக் கோபுரங்கள் வரிசையாக அடிவானம் வரைக்கும் நிற்கும். அது ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கும், அங்கே இருப்பவர்கள் காதில் அது விழுவதே இல்லை.

கோடையில் பகலெல்லாம் குட்டிகளைக் கட்டுவடத்தில் வரிசையாகக் கட்டிப் போடுவார்கள். குட்டி இருக்கிற இடத்தைத் தேடித் தாய்க்குதிரைகள் மேய்ச்சலிலிருந்து திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் குட்டியை அவிழ்த்து மடியில் முட்டவிட்டு, பால் இறங்கியதும் குட்டியை ஒதுக்கிவிட்டுக் கறக்க வேண்டும். குட்டி அமைதியாக இருந்தால்தான் தாய் பாலை இறக்கி மடியை விடும். அதனால் கட்டுவடம் போடுகிற இடம் முக்கியம். தோர்கின் வந்திறங்கியதும் மேட்டைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தக் கோபுரத்துக்குக் கீழே சமமா இருக்கு. காத்து நல்லா வருது, ஈ அண்டாது. அங்க வடத்தைப் போட்டுக்கட்டுமா?"

பிபிசாரா அதுவரை அந்த இடத்தை நினைக்கவே இல்லை. இவள் கேட்டதும் அதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை என்று தோன்றிவிட்டது.

"மூத்தவ இருக்கும்போது இடம் பாக்கறது யாருடி? அது எனக்கு. நீ ஓடைப் பக்கம் போட்டுக்க."

தோர்கின் ஓடைப் பக்கத்து ஈரப் புல்லில் கனிபாவின் குதிரைமயிர் வடத்தை இழுத்துக் கட்டினாள். பிபிசாராவுக்கு அந்த மாதிரி வடம் இல்லை. கூட்டுப்பண்ணை கலைந்தபோது சப்பார் கொண்டுவந்து போட்டிருந்த எஃகுக் கம்பி வடம் ஒன்று இருந்தது. அதை எடுத்து, காய்ந்த மரமுளைகளின் தலையில் முழங்கால் உயரத்துக்கு இழுத்துக் கட்டச் சொன்னாள். குட்டிகளைக் கட்டக் கயிறு கூட இல்லை, மெல்லிய சங்கிலிகள். அன்றைக்கு நல்ல மழை. சப்பார் நனைந்துகொண்டே கட்டி முடித்தான்.

"குதிரைமயிரு நாலு வருஷத்துல நைஞ்சு போகும். இது என் பேரன் கல்யாணம் வரைக்கும் நிக்கும்" என்று தோர்கின் காதில் விழும்படி சொன்னாள் பிபிசாரா.

மழை விட்டது. வெயில் வந்தது. குட்டிகள் ஆட ஆரம்பித்தன.

தலையை உதறும், பின்வாங்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அவிழ்த்து மடியில் விட்டால் முட்டாமல் நடுங்கிக்கொண்டு நிற்கும். திரும்பக் கட்ட இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு வராது. தாய்க்குதிரைகள் காதைப் பின்னால் மடித்துக்கொண்டன. மடி நிறையப் பால் இருக்கும், பாத்திரத்தில் விழுவது கையளவு. ஒரு செம்பட்டைக் குதிரை பாத்திரத்தையே உதைத்துத் தள்ளிவிட்டது. ஒஸ்பான் மகளுடைய பாத்திரத்தை எந்தக் குதிரையும் அதுவரை உதைத்ததில்லை.

ஓடைப் பக்கம் பார்த்தால், தோர்கினுடைய குட்டிகள் தூங்கி வழிந்துகொண்டு நிற்கும். அவள் பாத்திரத்தில் நுரை தளும்பும்.

பிபிசாராவுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணேறு என்று முடிவு கட்டினாள். ஆந்தை இறகு கொண்டுவந்து ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் கட்டினாள். கண்ணேறு கழிக்கிற அதிரஸ்பான் செடியைக் கொளுத்திக் குதிரைகளைச் சுற்றிப் புகை போட்டாள். குதிரைகள் தும்மின. பால் வரவில்லை.

இதில் அவளுக்கு ஒரு சாட்சியும் கிடைத்தது. மழை பெய்கிற நாளில் மட்டும் குட்டிகள் சும்மா நின்றன, பாலும் வந்தது. அவள் அதைக் கவனிக்காமல் இல்லை.

"மழைன்னா பால் வருது. ஏன்னு யோசிச்சீங்களா?" என்றாள் சப்பாரிடம்.

"ஈ இருக்காது."

"ஈ இல்ல. உங்க தம்பி பொண்டாட்டி இருக்க மாட்டா. மழை பெஞ்சா கூடாரத்துக்குள்ள போயிடறா. வெயில் அடிச்சா வாசல்ல வந்து நின்னு நம்ம பக்கம் பாக்கறா. அவ கண்ணு உள்ள இருந்தா குட்டி நிக்குது, வெளிய வந்தா குட்டி குதிக்குது. இன்னும் என்ன வேணும்?"

சப்பார் சேணத்து வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. "மழை பெஞ்சா நானும்தான் உள்ள இருக்கேன். அப்ப என் கண்ணையும் சந்தேகப்படு."

"உங்க கண்ணுக்கு அந்த அளவுக்குப் பவர் இருந்திருந்தா எனக்கு எப்பவோ ஒரு தோல்பை வந்திருக்கும்."

ஒரு நாள் தோர்கினே மேட்டுக்கு வந்தாள். ஓடையில் துணி அலசிவிட்டு அப்படியே வெறுங்காலோடு வந்திருந்தாள்.

"அக்கா, உங்க குட்டிங்க ரொம்ப மிரளுதே. நான் பிடிச்சுக்கறேன், நீங்க கறங்க." சொல்லிக்கொண்டே ஒரு குட்டியை அவிழ்க்க வடத்தில் கை வைத்தாள். "ஐயோ!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் துள்ளினாள். "அக்கா, கடிக்குது!"

"எது கடிக்குது?"

"கம்பி. கம்பி கடிக்குது அக்கா."

பிபிசாரா காலில் மெத்தென்ற தோல் பூட்ஸ், அதன் மேல் ரப்பர் மேல்செருப்பு. அங்கே எல்லோரும் போடுவதுதான்; வாசலில் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தோல் பூட்ஸோடு உள்ளே நடப்பார்கள். பிபிசாராவினுடையது அந்த வருஷம் வாங்கியது, அடியில் கனமான பள்ளங்கள் போட்டது. தோர்கினுக்கு எர்டென் நகரத்திலிருந்து ஒரு சோடி கொண்டுவந்தான் என்பதால் அதைவிடத் தடிமனாகப் பார்த்து வாங்கினாள். அந்தச் செருப்போடு போய்க் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கடி கடிக்குது? பாரு. என்னைக் கடிக்குதா? நான் காலையிலேருந்து பிடிச்சு அவிழ்க்கிறேன், கட்டுறேன். உன்னை மட்டும் தேடி வந்து கடிக்குதாமா?"

"இல்லக்கா, நிஜமாவே..."

"என் வடத்தைப் பத்திப் பழி சொல்ல வந்தியா? குதிரைமயிரு வச்சிருக்கறவளுக்கு எஃகைப் பாத்தா கடிக்கத்தான் செய்யும்."

தோர்கின் கையைத் தேய்த்துக்கொண்டே இறங்கிப் போனாள். பிபிசாராவுக்கு அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சோறு இறங்கியது.

கனிபா செத்து வருஷம் திரும்புகிற ஆண்டு விருந்து நெருங்கியது. ஊரெல்லாம் வரும், நாலு நாத்தனார்களும் புருஷன் பிள்ளைகளோடு வருவார்கள், குதிரைப் பந்தயம் உண்டு. விருந்துக்குக் குமிஸ் கொடுப்பது மூத்த வீட்டின் உரிமை. சப்பாரின் பெரியப்பா ஒருவர் இருந்தார். மருமக்கள் அவர் பெயரைச் சொல்வதில்லை, வெள்ளைத்தாடி என்பார்கள். அவர் குதிரையில் வந்து இறங்கி, பிபிசாரா கொடுத்த கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். அரைக் கிண்ணம்தான் இருந்தது.

"மருமகளே, விருந்துக்கு எவ்வளவு தேறும்?"

பிபிசாரா தரையைப் பார்த்தாள்.

"தேறலைன்னா சங்கடப்படாதே. சின்னவகிட்ட நிறைய இருக்குன்னு எர்டென் சொன்னான். அவளே ஊத்தட்டும். மாமியா தோல்பையும் அவகிட்டதானே இருக்கு. பொருத்தமாப் போச்சு."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் பொருத்தம் என்ற சொல் பிபிசாராவின் நெஞ்சில் முள்ளாக ஏறிக்கொண்டது. நாலு நாத்தனார்களும் தோர்கின் கையால் வாங்கிக் குடித்துவிட்டு, 'அம்மா கை அப்படியே இருக்கு' என்பார்கள். அம்மா கை என்று அவர்கள் நினைக்கிற கை இத்தனை வருஷமும் பிபிசாராவின் கை. அதை இனிமேல் யாரிடம் போய்ச் சொல்வது? இந்த ஒரு விருந்தில் அவள் பால் முன்னால் வரவில்லை என்றால், பிறகு எப்போதும் வராது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ராசி கனிபாவின் கட்டுவடத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு பிடி மயிர் எடுத்துத் தன் வடத்தில் முடிந்தால் ராசி இந்தப் பக்கம் வந்துவிடும். திருட்டா என்றால் திருட்டுத்தான். ஆனால் அந்த மயிரைக் கனிபா திரித்தபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்?

மறுநாள் உச்சி வெயில். ஆண்கள் மந்தையோடு தூரத்தில் இருந்தார்கள். தோர்கின் கூடாரத்தின் கதவுத்திரை தொங்கவிட்டிருந்தது. பிபிசாரா தன் வாசலில் நின்று யோசித்தாள். ரப்பர் செருப்பின் பள்ளத்தடம் ஈர மண்ணில் அப்படியே பதியும், அந்த மாதிரி அடித்தடம் அங்கே அவள் ஒருத்திக்குத்தான். கழற்றி வாசலில் வைத்தாள். வெறும் தோல் பூட்ஸோடு ஓடையில் இறங்கிக் கடந்தாள். தண்ணீர் பூட்ஸுக்குள் புகுந்து சதசதவென்று ஆனது. தோர்கினின் குட்டிகள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டன. அதற்கும் அவளுக்குக் கோபம். 'பாரு, தூங்குதுங்க.' வடத்தின் நுனியிலிருந்து ஒரு பிடி மயிரைக் கத்தியால் அறுத்து இடுப்புக் கச்சைக்குள் சொருகிக்கொண்டு திரும்பி வந்தாள்.

மேட்டுக்கு வந்து, தன் எஃகு வடத்தின் நடுவே மயிரைச் சுற்றி முடிய இரண்டு கையையும் வைத்தாள்.

சுரீர் என்று கை வழியாகத் தோள் வரை ஏறியது. கையை இழுத்துக்கொண்டாள். எறும்பா, முள்ளா என்று உள்ளங்கையைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவசரமாக ஒரு முடிச்சுப் போட்டாள். திரும்பவும் அதே கடி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை நாள் தொட்ட கம்பி. ஒரு நாளும் கடிக்காத கம்பி. திருடின மயிரோடு தொட்டதும் கடிக்கிறது.

"அத்தை," என்றாள் கனிபாவைப் பார்த்துப் பேசுவதுபோல, "அத்தை, தெரியாம செஞ்சிட்டேன். விட்டுடுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், அவ என்ன செஞ்சா உங்களுக்கு? ஒரு பனிக்காலம். நான் எத்தனை பனிக்காலம்? செத்தும் அவ பக்கம்தானா நீங்க?"

மன்னிப்புக் கேட்கும்போதே சண்டையும் போட்டாள். அவள் குணம் அது.

அந்த நேரம் பார்த்து மின்கம்பிப் பாதையில் ஒரு லாரி குலுங்கிக்கொண்டு வந்து நின்றது. கம்பி பார்க்க வருகிறவர்களின் லாரி. இறங்கியவன் ஜோமார்ட், சப்பாரின் சிற்றப்பா மகன். அண்ணி முறை என்பதால் கேலிக்குக் கேட்க வேண்டாம்.

"என்ன அண்ணி, செருப்புக்கூட இல்லாமத் தரையில உக்காந்திருக்கீங்க? அண்ணன் துரத்திட்டாரா? சொல்லுங்க, வண்டியில இடம் இருக்கு."

"உன் வண்டியில ஏறுறதுக்கு நான் செம்பட்டைக் குதிரையில ஏறுவேன். அதுவாவது உதைக்கிறது தெரிஞ்சு உதைக்கும்."

ஜோமார்ட் சிரித்தான். குமிஸ் கேட்க வாயைத் திறந்தவன், குட்டிகள் துள்ளுவதைப் பார்த்தான். கம்பி வடத்தைப் பார்த்தான். அண்ணாந்து மேலே பார்த்தான். சிரிப்பு நின்றுபோயிற்று.

"அண்ணி, இதை இங்க கட்டினது யாரு?"

"ஏன், உங்க அரசாங்கத்துக்கு இடம் குறைஞ்சு போச்சா?"

அவன் பதில் சொல்லாமல் வண்டியிலிருந்து ஒரு துண்டுக் கம்பியும் பிடியில் ரப்பர் போட்ட குறடும் எடுத்து வந்தான். துண்டுக் கம்பியின் ஒரு முனையை மண்ணில் ஆழமாகக் குத்தினான். மறுமுனையைக் குறடால் பிடித்து மெல்ல வடத்தருகே கொண்டுபோனான். தொடுவதற்குள் சின்னதாக ஒரு நீலப் பொறி டிக்கென்று தெறித்தது.

லாரிச் சத்தம் கேட்டுத் தோர்கினும் கிண்ணத்தில் குமிஸ் ஏந்திக்கொண்டு மேலே வந்திருந்தாள். பொறியைப் பார்த்ததும் கிண்ணத்தோடு நின்றுவிட்டாள்.

"கரண்டு," என்றான் ஜோமார்ட்.

"மேல இருக்கறது மேல இருக்கு. நடுவுல இத்தனை ஆகாசம் கிடக்கு. எங்கடா தொடுது?" என்றாள் பிபிசாரா.

"தொடவே வேண்டாம் அண்ணி. பக்கத்துல இருந்தாலே போதும். மேல ஓடறது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுகிட்டே இருக்கு. அதைப் பாத்து உங்க கம்பிக்குள்ள இருக்கறதும் புரளும். மண்ணுக்கு ஒரு வழி இருந்தா இறங்கிட்டும் ஏறிட்டும் இருக்கும், யாருக்கும் தொந்தரவு இல்ல. நீங்க காஞ்ச கட்டை மேல தூக்கிக் கட்டியிருக்கீங்க, வழியை அடைச்சாச்சு. அப்ப யாரு மண்ணுல காலை வச்சுகிட்டுத் தொடறாங்களோ அவங்க உடம்புதான் வழி. பாவம், இந்தக் குட்டிங்க. வெறும் மண்ணுல நாலு காலு, கழுத்துல சங்கிலி."

"நான் தினமும் தொடறேனே. என்னை ஒண்ணும் செய்யலையே."

"எதைப் போட்டுகிட்டு?"

மூன்று பேரும் கூடார வாசலைப் பார்த்தார்கள். தடித்த ரப்பர் செருப்பு இரண்டும் அங்கே ஒழுங்காகச் சேர்ந்து கிடந்தன.

"அது இருந்தா கரண்டு உங்களைத் தாண்டி மண்ணுக்குப் போகாது. இன்னைக்கு ஏன் கழட்டினீங்க?"

பிபிசாரா செருப்பையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "மழை பெஞ்சா?"

"மழையில கட்டை நனையும். கட்டை வழியாவே இறங்கிடும். குட்டிங்க சும்மா நிக்குமே, பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு வேறு கணக்குப் போட்டிருக்கிறாள். தோர்கின் பக்கம் திரும்பவே அவளுக்குக் கூசியது.

ஜோமார்ட் வடத்தின் ஓரமாக நடந்து பார்த்துக்கொண்டே வந்தான். நடுவில் நின்றான். "இது என்ன, கம்பிக்குப் பின்னல் போட்டு விட்டிருக்கீங்க?"

அந்த மயிரின் நிறத்தைத் தோர்கின் அறியாமல் இருக்க முடியாது. தினமும் கையில் புரள்கிற வடம். பிபிசாராவின் பூட்ஸ் இன்னும் ஈரமாக இருந்தது. தோர்கின் மயிரைப் பார்த்தாள், பூட்ஸைப் பார்த்தாள்.

"அது அத்தை வடத்துலேருந்து," என்றாள் தோர்கின். "ராசிக்குன்னு நான்தான் அக்காவுக்குக் குடுத்தேன்."

திட்டியிருந்தால் பிபிசாரா திருப்பித் திட்டியிருப்பாள். ஊரைக் கூட்டியிருந்தால் இரண்டு வீட்டையும் பிரித்துக்கொண்டு போயிருப்பாள். இப்படி ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்திவிட்டால் என்ன செய்வது? தோல்பையும் அவளுக்கு, வடமும் அவளுக்கு, பெருந்தன்மையும் அவளுக்கேயா?

"இரும்பு முளை நீளமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டான் ஜோமார்ட். "ஆழமா அடிச்சு எர்த் குடுத்தா தீந்தது. கம்பி என்கிட்ட இருக்கு."

பிபிசாராவிடம் இருந்த முளையெல்லாம் மரம். தோர்கின் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் தோளில் கனிபாவின் இரும்பு முளை இருந்தது.

"வேற இரும்பே கிடைக்கலையா உனக்கு?" என்றாள் பிபிசாரா.

"அண்ணி, கரண்டு உறவு முறை கேக்காது. நகருங்க," என்றான் ஜோமார்ட்.

ஓடைத் தண்ணீரை ஊற்றி ஊற்றி மண்ணை இளக்கி முளையை அடித்து இறக்கினான். துருவைச் சுரண்டிவிட்டு, முளையையும் வடத்தையும் தடித்த கம்பியால் முறுக்கிக் கட்டினான். பிறகு துண்டுக் கம்பியைக் கொண்டுபோய்ப் பார்த்தான். பொறி வரவில்லை. தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"இப்ப நீங்க வைங்க அண்ணி. செருப்பு இல்லாம."

பிபிசாராவின் கை நீளவில்லை. தோளில் அந்தச் சுரீர் இன்னும் இருந்தது. கரண்டு என்று இவன் சொல்கிறான், அத்தையாக இருந்தால்?

"நான் வச்சுப் பாக்கறேன் அக்கா," என்று தோர்கின் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

அவ்வளவுதான். இவள் எனக்கு முன்னாலா என்று பிபிசாரா பாய்ந்து இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கடிக்கவில்லை. வெயிலில் காய்ந்த கம்பியின் சூடு மட்டும் இருந்தது. பக்கத்தில் நின்ற குட்டி அவள் முழங்கையை மோந்து பார்த்தது. அது துள்ளாமல் கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

அன்று மாலையே செம்பட்டைக் குதிரை மடியை விட்டது.

ஆனால் விருந்துக்கு நாள் கிட்டத்தில் வந்துவிட்டது. புதுப் பாலைச் சின்ன மரத்தொட்டியில் ஊற்றி வைத்தால் அதற்குள் பக்குவத்துக்கு வராது. பெரிய தோல்பையில் பழைய குமிஸ் அடியில் கிடந்து, மேலே ஊற்றினால்தான் ஏறும். பிபிசாரா இரண்டு நாள் பாலை வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் வாளியோடு தோர்கின் வாசலில் போய் நின்றாள்.

"உன் பால்ல தண்ணி அதிகம். தனியா ஊத்தினா வர்றவங்க முகத்தைச் சுளிப்பாங்க. என்னோடதைச் சேத்துக்கோ."

"சேத்துக்கறேன் அக்கா. உள்ள வாங்க."

"கோலைக் குடு. நீ கிண்டறது மாவு பிசையற மாதிரி இருக்கு."

தினமும் வந்தாள். தினமும் ஒரு குறை சொன்னாள். கோலைத் தோர்கின் கையில் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

விருந்தன்று வெள்ளைத்தாடி முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார். நாலு நாத்தனார்களும் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இது யாரு கைம்மா?" என்று கேட்டார்.

தோர்கின் வாயைத் திறந்தாள். இவள் மறுபடியும் பெருந்தன்மையாக ஏதாவது சொல்லி முந்திக்கொள்வாள் என்று பிபிசாராவுக்குத் தெரிந்துபோயிற்று.

"பால் ரெண்டு வீட்டுது," என்றாள் அவசரமாக. "தோல்பை அவளோடது." மூச்சு வாங்கினாள். "கிண்டின கை என்னோடது. அத்தை இருந்தப்பவும் என்னோடதுதான்."

மூத்த நாத்தனார் கிண்ணத்தை இறக்கினாள். "அதான் அம்மா கை மாதிரியே இருக்குன்னு பாத்தேன்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தோர்கின்தான் அதிகமாகச் சிரித்தாள். இவ்வளவு அழகாகச் சிரிக்க இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று பிபிசாரா நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ கோடைகள் வந்து போயின. தோர்கினுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது பிபிசாரா ஒரு வாரம் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். எழுந்தபின் அந்த இரண்டையும் தூக்கிச் சுமந்ததும் அவள்தான். எஃகு வடம் அதே மேட்டில் நின்றது, இரண்டு வீட்டுக் குட்டிகளையும் அதிலேயே கட்டினார்கள். ஒவ்வொரு வருஷமும் இரும்பு முளையைப் பிபிசாரா தன் கையால்தான் அடிப்பாள். வெயில் அதிகமான நாளில் மண் காயாமல் இருக்க அதன் அடியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவாள்.

கூடாரம் கழற்றுகிற நாள் வந்தால் முளையைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, கொழுப்புத் தடவி, தோர்கின் வண்டியில் கொண்டுபோய் வைப்பாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் அக்கா. உங்களுக்குத்தானே வேணும்."

"எனக்கு எதுக்கு? உன் மாமியா உனக்குக் குடுத்தது. அடுத்த வருஷம் நீயே தோள்ல தூக்கிட்டு வந்து என் வாசல்ல போடு."

தோர்கின் சிரித்துக்கொண்டே தூக்கி வந்து போடுவாள். வருஷம் தவறினதில்லை.